முருகனுக்கு வள்ளி கிடைக்காதது ஏன்? நாடக மேடையையே போராட்டக் களமாக்கிய சிவகாசி விசுவநாததாஸ்

புதுப் படம் ஒன்று அறிவித்ததும் நாம் முதலில் தேடுவது கதையை அல்ல. ஹீரோ யாரு, ஜோடி யாரு? அதைத்தான். நியூயார்க்கிலும் லண்டனிலும் பாலே நடனம் பார்க்கப் போகிற ரசிகர்களும் அப்படித்தான். ஸ்வான் லேக் கதை அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். இன்றைக்கு அன்னப்பறவையாக ஆடுவது யார், கூட ஆடும் இளவரசன் யார், இந்த ரெண்டு பேருக்கும் பொருந்திப் போகுமா என்பதில்தான் டிக்கெட் விற்பனையே இருக்கிறது.

தென் தமிழ்நாட்டில் நூறு வருடங்களுக்கு முன்னால் இதே வேலையை ஒரு துண்டு நோட்டீஸ் செய்தது. வள்ளி திருமணம் நாடகம், முருகனாக இன்னார், வள்ளியாக இன்னார். கதை தெரியாதவர் ஊரில் யாரும் கிடையாது. ஆனாலும் அந்த ரெண்டு பெயருக்காகவே ஜனம் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தது.

அந்த நோட்டீஸில் முருகன் பெயருக்கு நேராக எஸ்.எஸ். விசுவநாததாஸ் என்று இருந்தால் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்தில் வள்ளியின் பெயரைப் போடுவதில்தான் சிக்கல். அவருக்கு ஜோடியாக நடிக்கப் பல நடிகைகள் மறுத்தார்கள். குரல் சரியில்லை என்றோ, நடிப்பு வரவில்லை என்றோ இல்லை. அவருடைய சாதிதான் காரணம்.

பட்டாசுக்கு முந்தைய சிவகாசி

விசுவநாததாஸ் 1886ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று சிவகாசியில் பிறந்தார். இன்றைய சிவகாசியை மனதில் வைத்து அந்த ஊரைக் கற்பனை செய்ய முடியாது. அப்போது அது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த ஒரு கரிசல் ஊர். தீப்பெட்டித் தொழில் வந்ததே 1920களில். பட்டாசு பெரிய தொழிலானது அதற்கும் பிறகு. விருதுநகரும் அப்போது விருதுநகர் இல்லை, விருதுபட்டி.

சாதி மட்டும் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. 1899இல் கோயில் நுழைவு உரிமையை ஒட்டி வெடித்த சிவகாசிக் கலவரம் தென் மாவட்டங்களையே உலுக்கியது. அப்போது விசுவநாததாஸுக்கு ஏறக்குறைய 13 வயதுதான்.

அவர் பிறந்தது மருத்துவர் சமூகத்தில். முடிதிருத்துவது, நாட்டு வைத்தியம் பார்ப்பது ஆண்களின் வேலை. பிரசவம் பார்ப்பது வீட்டுப் பெண்களின் வேலை. அதாவது ஊரில் பிறந்த குழந்தையை முதலில் கையில் வாங்குவது இவர்கள் வீட்டுப் பெண்தான். ஆனாலும் சமமாக உட்காரும் இடம் ஊரில் அவர்களுக்குக் கிடையாது.

பிறகு குடும்பம் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் திருமங்கலத்துக்குப் போய்விட்டது. அதனால்தான் இன்று திருமங்கலம்காரர்களும் சிவகாசிக்காரர்களும் அவரை எங்க ஊர்க்காரர் என்கிறார்கள். ரெண்டுமே சரிதான்.

கம்பெனி வேறு, ஸ்பெஷல் வேறு

வள்ளி கிடைக்காத பிரச்னை புரிய வேண்டுமென்றால் அந்தக் கால நாடகத் தொழில் எப்படி ஓடியது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை மாதிரியானவை. பையன்களை எடுத்து, சோறு போட்டு, பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்து நடிக்க வைப்பார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தச் சபையில் வளர்ந்தவர்கள்தான். பாய்ஸ் கம்பெனியில் பெண் வேடமும் பையன்களுக்குத்தான். யாருக்கு எந்த வேடம் என்பதை வாத்தியாரும் முதலாளியும் முடிவு செய்வார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, கொடுத்த வேடத்தைப் போட்டுத்தான் ஆக வேண்டும். பெரிய பாலே கம்பெனிகளின் ஏற்பாடும் ஏறக்குறைய இதுதான்.

இன்னொரு பக்கம் ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனி என்று ஒன்றே கிடையாது. காண்ட்ராக்டர் ஒருவர் மதுரையில் ஒரு ராஜபார்ட், புதுக்கோட்டையில் ஒரு ஸ்திரீபார்ட், வேறு ஊரில் ஒரு பபூன், ஆர்மோனியத்துக்கு ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுப்பார். அவர்கள் நாடகத்தன்று சாயங்காலம்தான் வந்து சேருவார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்கள் எல்லோருக்கும் பாடம். அதுதான் பொது மொழி. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிகிற வரை ஓடும்.

ஒத்திகை இல்லை என்பதாலேயே ஜோடி ரொம்ப முக்கியம். வள்ளி திருமணத்தின் உயிரே தர்க்கம்தான். தினைப்புனத்தில் காவல் காக்கும் வள்ளியிடம் வேடனாக வந்த முருகன் மான் வந்ததா என்று கேட்டு வம்புக்கு இழுப்பார். அவர் ஒரு பாட்டில் கேட்டால் இவர் ஒரு பாட்டில் மடக்க வேண்டும். ஒருவர் என்ன சொல்லப்போகிறார் என்று மற்றவருக்கு முன்கூட்டித் தெரியாது. ரெண்டு பேருக்கும் வாசிப்பது ஒரே ஆர்மோனியம், அதனால் சுருதியும் ஒத்துப்போக வேண்டும். மைக் பரவாத காலம். கடைசி வரிசை வரை கேட்க வேண்டுமென்றால் உச்சக் கட்டையில்தான் பாட முடியும். ஆண் நாலரை, ஐந்து கட்டையில் பாடினால் அதற்கு ஈடுகொடுக்கிற பெண் குரல் வேண்டும்.

எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் ஏன் அப்படிக் கொண்டாடப்பட்டார்கள் என்பது இந்த இடத்தில் புரியும். 1926இல் இலங்கையில் முதன்முதலாகச் சேர்ந்து மேடையேறிய அந்த ஜோடி, குரலில் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு போன ஜோடி. 1933இல் கிட்டப்பா இறந்த பிறகு, இனி ஆண் நடிகர் யாருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சுந்தராம்பாள் முடிவெடுத்தார். அவரால் அப்படி முடிவெடுக்க முடிந்ததற்கும் ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பு ஒரு காரணம். அங்கே ஒவ்வொரு நடிகரும் தனக்குத்தானே முதலாளி.

அதே சுதந்திரம்தான் விசுவநாததாஸுக்கு எதிராகவும் வேலை செய்தது. யாருடன் நடிக்க மாட்டேன் என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை இருந்தது. உத்தரவு போட மேலே வாத்தியாரும் இல்லை, முதலாளியும் இல்லை. காண்ட்ராக்டர் கெஞ்சலாம், சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பதாகச் சொல்லலாம், அவ்வளவுதான்.

கதையில் ஒரு கல்யாணம், மேடையில் ஒரு மறுப்பு

இதில் இருக்கும் முரண் சாதாரணமானதில்லை. வள்ளி திருமணம் என்ன கதை? கடவுள் ஒருவர் வேடர் குலத்தில் வளர்ந்த பெண்ணைத் தேடி வருகிறார். வேடனாக வருகிறார், வேங்கை மரமாக நிற்கிறார், தள்ளாடும் கிழவனாக வந்து தண்ணீர் கேட்கிறார். கடைசியில் அவளையே கட்டிக்கொள்கிறார். குலம் பார்க்காத கல்யாணம் என்பதுதான் கதையின் மையம். அந்தக் கதையை ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பார்த்து, விடியும்போது கல்யாணக் காட்சியில் கையெடுத்துக் கும்பிட்ட அதே சமூகத்தில்தான், முருகனாக நிற்பவர் எந்தச் சாதி என்ற கேள்வியும் இருந்தது.

மறுத்த நடிகைகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது எளிது. மேடையேறிய பெண்களையும் அந்தக் காலம் மரியாதையாக நடத்தவில்லை. அவர்களில் பலர் ஏற்கெனவே ஏளனத்துக்கு ஆளானவர்கள். இன்னொரு படி கீழே தள்ளிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு இருந்திருக்கும். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். தமிழ் மேடையின் பெரிய ராஜபார்ட்டுகளில் ஒருவர், தன் ஜோடிக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1957இல் நியூயார்க் சிட்டி பாலே கம்பெனி ஆகான் என்ற நடனத்தை அரங்கேற்றியது. அதை அமைத்த ஜார்ஜ் பாலன்ஷின், முக்கியமான ஜோடி நடனத்துக்குக் கறுப்பின நடனக் கலைஞர் ஆர்தர் மிட்செலையும் வெள்ளையரான டயானா ஆடம்ஸையும் சேர்த்தார். ஒரு கறுப்பினத்தவர் வெள்ளைக்காரப் பெண்ணின் கையைப் பிடித்து ஆடுவது அன்றைய அமெரிக்காவில் பலருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் மிட்செலுக்குப் பின்னால் பாலன்ஷின் என்ற ஆள் இருந்தார். வேடம் யாருக்கு என்று முடிவு செய்யும் அதிகாரம் அவர் கையில் இருந்தது, அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. விசுவநாததாஸுக்கு அப்படி ஒரு ஆள் கிடையாது. யாராவது ஒரு நடிகை தானாக முன்வந்தால்தான் உண்டு.

வந்தார் ஒரு வள்ளி

அப்படி வந்தவர் மதுரையைச் சேர்ந்த கே.பி. ஜானகி அம்மாள். 1917இல் பிறந்தவர். ஏழ்மையான குடும்பம், சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். குரல் வளத்தால் மளமளவென்று மேலே வந்து, பேர் சொன்னாலே கூட்டம் வரும் ஸ்திரீபார்ட் ஆனார். மற்றவர்கள் மறுத்தபோது விசுவநாததாஸுக்கு ஜோடியாக அவர் மேடையேறினார்.

ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பாருங்கள். முருகனுக்கும் வள்ளிக்கும் வயது வித்தியாசம் 31. ஸ்பெஷல் நாடகத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குரல் இருந்தால் ஐம்பது வயதிலும் முருகன்தான். மேடையில் வயதை மறக்கத் தெரிந்த ஜனத்துக்குச் சாதியை மறக்கத் தெரியவில்லை.

ஜானகி அம்மாளுக்கு அது வெறும் நடிப்பு வாய்ப்பு இல்லை. காங்கிரஸ் மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர், பிறகு கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார். போர் எதிர்ப்புப் பிரசாரத்துக்காகச் சிறை சென்றார். நாடகத்தில் சம்பாதித்த சொத்தையும் கட்சிக்கே கொடுத்தார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியில் எம்.எல்.ஏ. ஆனார். 1992இல் இறந்தபோது அவர் கையில் பெரிதாக எதுவும் இல்லை.

கொக்கு விரட்டினால் ஏன் போலீஸ் வந்தது?

விசுவநாததாஸ் சும்மா புராண நாடகம் நடித்துவிட்டுப் போயிருந்தால் நல்ல ராஜபார்ட் என்ற பெயரோடு நின்றிருப்பார். 1919இல் நடந்த ஜாலியன்வாலா பாக் படுகொலை நிறையப் பேரை மாற்றியது. விருதுபட்டியில் 15 வயதுப் பையனாக இருந்த காமராஜரை அரசியலுக்குள் இழுத்ததும் அந்தச் செய்திதான். விசுவநாததாஸ் அந்தப் படுகொலையைப் பாட்டாகவே மேடையில் பாடினார்.

தேசபக்திப் பாட்டெழுதுவதில் அந்தக் காலத்தில் மதுரகவி பாஸ்கரதாஸ் பெரிய கை. அவர் பாட்டுகள் மேடை மேடையாகப் பரவின. இன்று ஒரு பாட்டு வைரல் ஆவது மாதிரிதான். என்ன, பரவ ஒரு ராத்திரிக்குப் பதில் சில மாதங்கள் ஆகும். நடிகர் ஊர் ஊராகப் போக வேண்டுமே.

வள்ளி திருமணத்தில் இதற்கு வசதியான இடம் ஒன்று உண்டு. வள்ளி பரண்மேல் நின்று தினை தின்ன வரும் பறவைகளைப் பாடி விரட்டும் காட்சி. விரட்டப்படுகிற பறவை வெள்ளைக் கொக்காக மாறியது. எங்கிருந்தோ வந்து நம் தினையைத் தின்னும் வெள்ளைக் கொக்கு என்றால் எது என்று கொட்டகையில் இருந்த கடைசி ஆளுக்கும் தெரியும். விசுவநாததாஸின் பெயரோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தக் கொக்குப் பாட்டுதான்.

போலீஸுக்குப் புரியாமல் இருக்குமா? பிரிட்டிஷ் அரசு 1876லேயே நாடகங்களுக்கு என்று தனிச் சட்டம் கொண்டுவந்திருந்தது. அரசை எதிர்க்கும் நாடகத்தைத் தடை செய்யலாம், நடிப்பவர்களைப் பிடிக்கலாம். ஆனால் என்ன பாடப்போகிறார்கள் என்று தெரிந்தால்தானே முன்கூட்டித் தடுக்க முடியும். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர் அந்த நிமிடத்தில் என்ன பாடுவார் என்று யாருக்குத் தெரியும்? நோட்டீஸில் இருப்பது முருகன் கதை. அதற்குத் தடை போட்டால் கோயில் திருவிழாவுக்கே தடை போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் போலீஸ் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. பாட்டு வந்ததும் கைது. சில ஊர்களில் வேடம்கூடக் கலைக்காமல், முருகனாகவே ஸ்டேஷனுக்குப் போனார்.

அவர் 29 முறை சிறை சென்றார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஒவ்வொரு கைதுக்கும் பின்னால் ஒரு ரத்தான நாடகம் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸ் இருக்கிறது, வருமானம் இல்லாத வீடு இருக்கிறது. கதர் கட்டி மேடையேறிய இந்த முருகனை புக் செய்யக் காண்ட்ராக்டருக்கும் தைரியம் வேண்டியிருந்தது. வள்ளி கிடைப்பாரா என்பது ஒரு கவலை. நாடகம் முடிகிற வரை முருகன் இருப்பாரா என்பது இன்னொரு கவலை.

கடன் வளர்ந்தது. திருமங்கலத்து வீடு அடமானத்துக்குப் போனது. ரெண்டாம் உலகப் போர் வந்ததும், போருக்கு ஆதரவாக நாடகம் போட்டால் கடனை அடைத்து வீட்டை மீட்டுத் தருவதாக அரசுத் தரப்பிலிருந்தே ஆசை காட்டினார்கள். அவர் சம்மதிக்கவில்லை. எந்தக் குரலைப் பாடக் கூடாது என்று இருபது வருடம் அடைத்துவைத்தார்களோ, அதே குரலைத்தான் கடைசியில் விலைக்குக் கேட்டார்கள்.

ராயல் தியேட்டரில் கடைசி இரவு

1940ஆம் ஆண்டு டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். விசுவநாததாஸுக்கு 54 வயது. உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. கடன் இருந்ததால் நடிக்காமல் இருக்கவும் முடியாது.

திரை விலகியது. மயில் வாகனத்தில் முருகனாக உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். பாடிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவும் நடிப்பு என்றே முதலில் தோன்றியிருக்கலாம். மேடையிலேயே உயிர் பிரிந்தது. முருகன் வேடம் கலைக்காமலேயே மறுநாள் இறுதி ஊர்வலம் நடந்ததாகத்தான் நாடக உலகில் சொல்லிவருகிறார்கள். அந்த ஊர்வலம் புறப்பட்ட நாள் 1941இன் முதல் நாள். சுதந்திரத்துக்கு இன்னும் ஆறரை வருடம் இருந்தது.

அடமானத்தில் இருந்த அந்தத் திருமங்கலத்து வீடு இன்று அரசின் நினைவு இல்லம். சிவகாசி அச்சகங்கள் வருடா வருடம் லட்சக்கணக்கில் காலண்டர் அடிக்கின்றன, அதில் மயில் மேல் உட்கார்ந்த முருகன் கட்டாயம் உண்டு. விருதுநகர், மதுரை வட்டாரத்துக் கோயில் பொங்கல்களில் இப்போதும் வள்ளி திருமணம் போடுகிறார்கள். நோட்டீஸில் ராஜபார்ட் பெயரும் ஸ்திரீபார்ட் பெயரும் போட்டோவோடு வருகின்றன. யாருக்கு யார் ஜோடி என்று பார்த்துவிட்டுத்தான் இன்றைக்கும் ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.